அர்த்தனாரியின் மாத்தாள் கணக்கு

என் வீட்டுக்காரர் அர்த்தனாரிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் அது தினப்படித் தலைவலி. மலை மேல் சோளக்காடு என்கிற ஊரில் மிளகும் பலாப்பழமும் வாங்கி விற்கிற கடை என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறார் என்று இவரைக் கொஞ்ச நேரம் கடையில் உட்கார வைத்தேன். "இது போன வருசத்து மொளகுங்க. புதுசு உள்ள இருக்குது, அதக் கேட்டு வாங்குங்க" என்று வந்தவர்களுக்குப் பாடம் நடத்தி அனுப்பினார். அன்றோடு அவரைக் கல்லாப் பக்கம் விடுவதில்லை.

மற்றபடி படிப்பில் புலி. கீழே ஒரு அரசுக் கல்லூரியில் பொது நிர்வாகத் துறையில் இணைப் பேராசிரியர். அரசாங்கம் எப்படி நடக்கிறது, பல நேரம் ஏன் நடக்காமல் படுத்துக்கொள்கிறது என்று ஆராய்கிற படிப்பு அது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் காரவள்ளி வழியாக இறங்கிப் போவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவைக்க வேண்டிய துணியோடு ஏறி வருவார். கீழேயே வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், "பானு கடைய உட்டுப்போட்டு வர மாட்டா. பானு இல்லாம எனக்குச் சோறு எறங்காது" என்று எல்லோர் எதிரிலும் சொல்லி என் மானத்தை வாங்குவார்.

இவர் எழுதினதெல்லாம் எங்கள் மலையைப் பற்றித்தான். ரோடு எப்படி வந்தது, ரேஷன் கடை ஏன் அந்த ஊருக்குப் போனது, ஆபீஸுக்குப் போன மனு என்ன ஆயிற்று, இப்படி. எல்லாம் இங்கிலீஷில். எழுதினால் மட்டும் போதாதாம். எழுதினதை வேறொருத்தர் தன் கட்டுரையில், இதை அர்த்தனாரி சொல்லியிருக்கிறார் என்று பேர் போட்டு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அதற்கு சைட்டேஷன் என்று பேர். யாருக்கு எத்தனை சைட்டேஷன் என்று கம்ப்யூட்டரில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மிளகு விலையைப் பார்க்கிறபோது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். மிளகாவது ஏறும், இறங்கும். இது ரொம்ப வருஷம் அசையாமல் கிடந்தது.

அப்புறம் ஏற ஆரம்பித்தது. வினையும் அதோடு சேர்ந்தே ஏறி வந்தது.

நாங்கள் இரண்டு பேருமே தேவனூர் நாட்டில் பிறந்தவர்கள். அங்கே சாமைக்காட்டில் களை எடுக்க, இன்றைக்கு நீ என் காட்டுக்கு ஒரு ஆள் வந்தால் நாளைக்கு உன் காட்டுக்கு நான் ஒரு ஆள் வருவேன். இதை மாத்தாள் போவது என்போம். காய்ச்சலோ கல்யாணமோ, போக வேண்டிய மாத்தாளுக்குப் போகாதவனை ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். இந்த மனுஷர் அந்த வளர்ப்பு. தன் கட்டுரையை யாராவது எடுத்துச் சொன்னால், அந்த ஆள் தன் காட்டுக்கு வந்து ஒரு நாள் குனிந்து களை எடுத்துவிட்டுப் போனதாகவே நினைப்பார். உடனே அந்த ஆள் எழுதினதையெல்லாம் தேடிப் பிடித்து, வரி விடாமல் படித்து, தன் அடுத்த கட்டுரையில் அதற்கு ஒரு இடம் பார்த்துப் பேர் போட்டுவிடுவார். அதோடு விட்டாரா, நன்றி சொல்லி ஒரு மெயில் வேறு. ஒடிசாவில் ஒருத்தர், கென்யாவில் ஒரு அம்மா, ரத்னகிரியில் மீன் ஏலத்தைப் பற்றி எழுதுகிற ஒருத்தர். அந்த மீன்காரர் எங்கள் மலை ரோட்டைப் பற்றிய கட்டுரைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மெயில் வாங்கினவர்களுக்கும் மனசு குளிர்ந்திருக்கும். அவர்கள் அடுத்த தடவையும் இவர் பேரைப் போட்டார்கள். இவர் திருப்பிப் போட்டார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நானும் பூரித்துப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நான் அறியப் புரொபசர் ஆனவர் யாரும் இல்லை. இவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. இந்த முறை தவறினால், அடுத்த முறை வருவதற்குள் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஆசைதான், சொல்வதற்கு என்ன வெட்கம். படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாதாம். "டேய் மலை" என்றுதான் கூப்பிடுவார்களாம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு மட்டும் வயிறு எரியும். அந்த வாயெல்லாம் ஒரு தடவையாவது புரொபசர் என்று சொல்ல வேண்டும் என்று தேவனூர் சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

விண்ணப்பம் போன கொஞ்ச நாளில் கோகுல்நாத் வந்தார். காரவள்ளிக்காரர், இவர் துறையிலேயே வேலை பார்க்கிறவர், எனக்குத் தம்பி மாதிரி. பைக்கை நிறுத்தும்போதே முகம் சரியில்லை. மோர் கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார் மேல யாரோ பெட்டிசன் போட்டிருக்காங்கக்கா" என்றார். "பேசி வெச்சுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சைட்டேசன் போட்டுக்கறாங்களாம். சார் யாரச் சொல்றாரோ அவங்கதான் சாரச் சொல்றாங்க. எடுத்துப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது. இதுக்கு மோசடின்னு பேருங்க்கா. விண்ணப்பத்தப் பாக்கற கமிட்டியே இதையும் விசாரிக்கப் போவுது."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்தாள் போறது எப்ப இருந்து மோசடி ஆச்சு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காட்டுக்கு மாத்தாள் போலாங்க சார். இதுல, ஒருத்தர் எழுதுனது நமக்கு வேணும்னாத்தான் பேரு போடோணும். அவரு போட்டாரேன்னு நாம போடக் கூடாதுங்க."

"நான் படிக்காம யாரு பேரையும் போட்டதில்லியே."

"அது எனக்குத் தெரியுங்க. கமிட்டிக்குத் தெரியோணுமே."

"அப்ப நான் பண்ணுனது தப்புத்தானா கோகுல்?"

கோகுல்நாத் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்புத்தாங்க சார். ஆனா வேணும்னு பண்ணல. எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

அன்று சாயங்காலம் இவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அந்தப் பெட்டிஷன் போட்டவன் எவன் என்று தெரிந்திருந்தால் மிளகாய்ப் புகை போட்டிருப்பேன். தெரியாததால் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

கோகுல்நாத் சொன்ன யோசனைப்படி, கட்டுரை ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தப் பேரை எதற்காகப் போட்டோம் என்று குறித்து வைக்க வேண்டியிருந்தது. மழை நாள், கடையில் ஆள் வரத்து இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நானும் பி.ஏ. படித்தவள்தான். இங்கிலீஷ் மெதுவாக வரும், ஆனால் வரும். இத்தனை வருஷத்தில் இவர் எழுதின ஒன்றைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை. எழுதுகிறார், அச்சாகிறது, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் இவருடைய பெரிய கட்டுரையை எடுத்தேன். இவர் கட்டுரைகளிலேயே நிறையப் பேர் எடுத்துச் சொன்னது அதுதான். அதற்கு எந்த மாத்தாளும் தேவைப்படவில்லை. சைட்டேஷன் தானாகவே விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் மலைப் பெண்கள் ஏன் மனு கொடுப்பதே இல்லை என்பதுதான் அதன் விஷயம். பெண்கள் கேட்காமல் இல்லை, கேட்கிறார்கள். பண்டிகை நோம்பிக்குப் பிறந்த வீடு போகும்போது, தண்ணிக் குழாய் இல்லை, லைட் இல்லை என்று அண்ணன் தம்பியிடம் சொல்கிறார்கள். அவன் போய் ஆபீஸில் மனு கொடுக்கிறான். அதனால் ஆபீஸ் ரெக்கார்டில் எல்லாம் ஆம்பளை பேர். குழாய் கேட்டது பெண் என்பதற்கு எங்கேயும் ஒரு எழுத்து கிடையாது. இதுதான் கட்டுரை.

படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது. இது அத்தனையும் நான் கேட்டு வந்தது. கல்யாணமான புதிதில் இவரோடு ஊர் ஊராக நடந்தேன். இவரைப் பார்த்தால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இவர் வெளியே பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படிக்குப் போய், கூட உட்கார்ந்து குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பேன். "எங்கண்ணங்கிட்டச் சொன்னா ஆபீசுக்குச் சொன்ன மாதிரி" என்று ராமாயி என்கிற அக்கா சொன்னது அப்படியே இங்கிலீஷில் இருந்தது. அதைக் கேட்டதும், எல்லா ஊரிலும் இதையே கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவளும் நான்தான். கட்டுரையில் என்ன போட்டிருந்தது தெரியுமா? கள ஆய்வில் தெரியவந்தது. களத்தில் என்ன, முளைத்துக் கிடந்ததா?

"ஏனுங்க, இதுல என்ற பேரு எங்கீங்க?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாதவர் மாதிரி விழித்தார். "ஊட்டாளுக்கு யாராச்சும் மாத்தாள் போவாங்களா பானு?"

எங்கள் வழக்கம் அப்படித்தான். புருஷன் காட்டில் பெண்டாட்டி எத்தனை நாள் குனிந்தாலும் அது கணக்கில் வராது. வெளியாள் வந்தால்தான் கணக்கு. "நீயும் நானும் வேற வேறயா?" என்று வேறு கேட்டார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. அரை நிமிஷம்தான். அப்புறம் பற்றிக்கொண்டது.

"மீன் ஏலம் போடறவன் பேரு இருக்குது. கென்யாக்காரம்மா பேரு இருக்குது. பொம்பள கேட்டதெல்லாம் ஆம்பள பேருல பதிவாவுதுன்னு ஊரு உலகத்துக்கே எழுதிப்போட்டு, அந்தக் கட்டுரைலயே நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

இவர் கட்டுரையைக் கையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார், தான் எழுதினதையே யாரோ எழுதினது போல. நான் எழுந்து வந்துவிட்டேன்.

சில நாள் பேச்சு வார்த்தை இல்லை. குழம்பை வைப்பேன், சாப்பிடுவார். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு கோபமாக இருக்க முடியும். விசாரணை நெருங்க நெருங்க எனக்கே பயம் வந்துவிட்டது. "இத பாருங்க, இது நம்ம ஊட்டுச் சண்ட. ஊட்டோட இருக்கட்டும். அங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. புரொபசர் ஆயிட்டு வாங்க, அப்பறம் உங்கள வெச்சுக்கறேன்" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. ரோட்டு வளைவில் பாறை சரிந்து பஸ் நின்றுபோனது. கோகுல்நாத் அங்கேயும் இங்கேயும் பேசி, வீடியோவில் வரலாம் என்று கமிட்டியைச் சம்மதிக்க வைத்தார். வீட்டில் சிக்னல் கிடைக்காது. கடைக் குடோனில் லேப்டாப்பை வைத்து, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தில் விழாதபடி, திரை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி ஓர மூட்டை மேல் உட்கார்ந்தேன். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, கீழே லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

கமிட்டித் தலைவர் பூங்குழலி என்று ஒரு அம்மா, வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். குரலிலேயே ஒரு வெட்டு. நேரே மீனில் ஆரம்பித்தார்.

"மலை ரோடு பற்றிய கட்டுரையில் மீன் ஏலம் எதுக்கு சார்?"

இவர் சொல்ல ஆரம்பித்தார். ஏலத்தில் சிறிய படகுக்காரர் முறை வருவதற்குள் மீன் கெட்டுப் போகிறதாம். அதனால் அவர்கள் பெரிய படகுக்காரர் பேரில் விற்கிறார்களாம். எங்கள் ஊரில் சின்னக் கிராமத்து மனு பெரிய கிராமத்து மனுவோடு ஒட்டிக்கொண்டு போகிறதே, அது மாதிரி. அந்த அம்மா அடுத்த பேரைக் கேட்டார், அதற்கும் சொன்னார். கென்யா, ஒடிசா, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் அப்படிப் படித்து வைத்திருந்தார். எனக்கு இவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நடுவில் இரண்டு மூன்று பேரைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "இதெல்லாம் வேண்டியதே இல்லீங்க. அவங்க என்னச் சொன்னாங்களேன்னு போட்டுட்டேன். தப்புத்தாங்க" என்றார். மாத்தாள் விஷயத்தையும் எடுத்துச் சொன்னார். ஓரத்தில் இருந்த ஒருத்தர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நன்றிக்கடனுக்காக மேற்கோள் காட்டக் கூடாது சார். இனிமேல் செய்யாதீங்க. அந்த இரண்டு மூணைக் கழிச்சுட்டாலும் உங்களுக்குத் தகுதி இருக்கு" என்றார். முடிந்தது, ஆகிவிட்டது என்று கும்பிடக் கையைத் தூக்கினேன்.

"கடைசியா எல்லாரிடமும் கேட்கிற ஒரு கேள்வி. யாருடைய உழைப்பையாவது எடுத்துக்கிட்டு, பேர் போடாமல் விட்டிருக்கீங்களா?"

இல்லைங்க. ஒரு வார்த்தை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். இவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று கையெடுத்தே கும்பிட்டேன்.

"இருக்குதுங்க" என்றார்.

நான் போனில் நெட்டை அணைத்துவிட்டேன்.

படம் அப்படியே நின்றது, அந்த அம்மா வாய் திறந்தபடி.

"உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? நுணலும் தன் வாயால கெடுமுன்னு இதத்தான் சொன்னாங்க. லைன் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். திரும்ப வந்தா இல்லீங்கன்னு சொல்லிப்போடுங்க. நான்தான் சொல்றேன்ல, எனக்கு ஒண்ணும் வேண்டாம். எனக்கு நீங்க புரொபசர் ஆவோணும்."

"போடு புள்ள."

"மாட்டேன்."

"நான் சொல்லாத உட்டது அன்னிக்குத் தெரியாத பண்ணுனது. இப்பத் தெரிஞ்சே சொல்லாத உட்டா அது களவு பானு." குரலை உயர்த்தவே இல்லை. "இத்தன வருசம் நான் உன்ற பேரச் சொல்லல. இன்னிக்குச் சொல்லப் போறேன், நீயே சொல்ல உட மாட்டீங்கறயே."

கையில் போன் இருந்தது. ஒரு விரல் பட்டால் போதும். அணைத்தபடியே வைத்திருந்தால், மலையில் மழை, லைன் போய்விட்டது, யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கோகுல்நாத் பேசிச் சரிக்கட்டியிருப்பார். அவரை மலை என்று கூப்பிட்டவன்களை எல்லாம் ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். அப்புறம் எதிரில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனைப் பார்த்தேன். இவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

நெட்டைப் போட்டேன்.

"மன்னிக்கோணுங்க, நெட்டு நின்னுபோச்சு" என்று ஆரம்பித்தார். தானாக நிற்கவில்லை என்று அதையும் விளக்கப் போகிறாரோ என்று பயந்தேன். நல்ல வேளை, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். "பெண்கள் மனு பத்தின கட்டுரைங்க. கேள்வி கேட்டது என் மனைவி. பதில் வாங்குனதும் அவதான். எல்லா ஊர்லயும் கேட்டுப் பாக்கலாம்னு சொன்னதும் அவதான். நான் மரத்தடில உக்காந்திருந்தேன். ஊட்டு வேலக்கிக் கணக்குக் கெடையாதுன்னு வளந்தவனுங்க நான், அதனால பேரு போடல. பெண்கள் கேட்டது ஆண்கள் பேர்ல பதிவாவுதுன்னு எழுதுன நானே அதச் செஞ்சுட்டேன்."

அந்த அம்மா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "உங்களுடையதிலேயே முக்கியமான கட்டுரை இதுதான் சார். திருத்தம் எழுதி அந்தப் பத்திரிகை ஏற்றுக்கொள்கிற வரை நாங்கள் இதைக் கணக்கில் எடுக்க முடியாது. எடுக்கவில்லை என்றால் இந்த முறை உங்களுக்குக் கிடைக்காது. புரிஞ்சுதானே சொல்றீங்க?"

"புரிஞ்சுதாங்க சொல்றேன்."

"அவங்க பேர் என்ன? குறிப்பில் எழுதணும்."

"பானுமதி" என்றார். ஒவ்வொரு எழுத்தாக, அவர்கள் எழுதிக்கொள்ள நேரம் விட்டு. என்னைப் பானு என்பார், ஏம்புள்ள என்பார். முழுப் பேரும் இவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

லேப்டாப்பை மூடினதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட ஆள் என்றேன், பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்றேன், இனிமேல் சாகிற வரைக்கும் வெறும் இணைப் பேராசிரியர்தான் என்றேன். என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பதவி இவருக்கு வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. ஆனால் அந்தப் போனை இன்னொரு தடவை என் கையில் கொடுத்தாலும் நெட்டைப் போடத்தான் போடுவேன்.

நான் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டார். "திருத்தம் எழுதோணும். நீ கேட்ட கேள்வியெல்லாம் நெனப்பு இருக்குதா?"

"ஏன் இல்லாம?"

"சொல்லு, நான் எழுதறேன்."

"நீங்க எழுதுன வரைக்கும் போதும். தள்ளி உக்காருங்க" என்றேன்.

எழுந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் இருந்த மூட்டை மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.